மேட்டு வீட்டுக்காரர் கையேடு

கேமரன் மலையின் கோலா தெர்லாவில் வீடு கிடைத்துவிட்டதா? வாழ்த்துகள். பிரிஞ்சாங்கிலிருந்து வடக்கே புறப்பட்டு, கியா ஃபார்ம் நெரிசலில் ஸ்ட்ராபெரி பொம்மைகளைப் பார்த்தபடி ஊர்ந்து, திரிங்காப்பையும் தாண்டி, கம்போங் ராஜா வருவதற்கு முன்பே இறங்கிக்கொண்டவர் நீங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு இந்த ஊர் காடிக் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறையும். பிளாஸ்டிக் கூரைகள், முட்டைக்கோசு ஏற்றிய லோரி, கிழட்டு லேண்ட் ரோவர், பனிமூட்டம், அவ்வளவுதான். நீங்களோ குடியிருக்க வந்திருக்கிறீர்கள். ஆகவே உங்களுக்கு அக்கம்பக்கம் தேவை. அக்கம்பக்கத்துக்கும் நீங்கள் தேவை, ஏனென்றால் பழைய ஆட்களைப் பற்றிப் பேச வேண்டியதையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டார்கள்.

கீழ்க்காணும் விதிகளை வரிசையாகக் கடைப்பிடிக்கவும். எல்லாம் முடிந்ததும் தேர்வு உண்டு.

விதி 1: ரகசியம் வேண்டுமென்றால் பங்களா வாங்குங்கள்

பழைய லயத்து வீடுகளில் நடுத்தடுப்பு கூரைவரை போகாது. நீங்கள் தாளித்தால் பக்கத்து வீட்டில் தும்முவார்கள். அவர்கள் வீட்டு மாமியார் பேச்சு உங்கள் தலையணைவரை வரும். இன்று லயம் போய்க் கல்வீடு வந்திருக்கலாம். காது மட்டும் பழைய காதுதான்.

இதைக் குறையென்று நினைப்பவர்களுக்குச் சரித்திரத்திலிருந்து ஒரு சான்று. தாய்லாந்துப் பட்டுத்துணியை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு பிற்பகலில், தானா ராத்தா பக்கம் தாம் தங்கியிருந்த ‘மூன்லைட்’ பங்களாவிலிருந்து வெளியே நடந்து போனார். திரும்பவில்லை. போலீசும் பூர்வக்குடி வழிகாட்டிகளும் காட்டைச் சல்லடை போட்டார்கள். போமோக்கள் குறி பார்த்தார்கள். அவர் எங்கே போனார் என்பது இன்றுவரை தெரியவில்லை.

அதே மனிதர் லயத்தில் தங்கியிருந்தால் எதிர்வீட்டு அக்கா மூன்றே நிமிடத்தில் வாக்குமூலம் கொடுத்திருப்பார்: “மூன்றரைக்குப் போனாருங்க சார். மத்தியானம் சரியாச் சாப்பிடலை. மழை வர்ற மாதிரி இருக்கு, அந்தப் பக்கம் போகாதீங்கன்னு சொன்னேன். கேக்கலை.” பங்களாவில் இருப்பவர் காணாமல் போகலாம். லயத்தில் இருப்பவரால் முடியாது. இந்தக் காப்பீட்டுக்கு நீங்கள் மாதாமாதம் செலுத்த வேண்டிய தொகை ஒன்றுதான்: உங்களைப் பற்றிய செய்தி.

விதி 2: பதில்களைத் தயாராக வையுங்கள்

முதல் வாரம் உங்களைப் பார்க்க வருபவர் வெறுங்கையோடு வரமாட்டார். கையில் பலகாரம் இருக்கும், வாயில் கேள்வி இருக்கும். “பசியாறியாச்சா?” என்பது கேள்வி அன்று, கதவு தட்டும் ஓசை. கேள்விகள் அதற்குப் பிறகுதான்: “எந்தத் தோட்டத்துப் புள்ளைய்யா நீ? போ தோட்டமா, சுங்கை பாலாஸா, ப்ளூ வேலியா? அப்பா கிராணியா இருந்தாரா, வெளிக்காட்டு வேலையா? வாடகை எவ்வளவு சொன்னான்? இன்னும் கல்யாணம் பண்ணிக்கலையா?”

பட்டணத்தில் இருந்து வந்தவர்கள் இதை விசாரணை என்று நினைத்து முகம் சுளிப்பார்கள். அது பிழை. கேள்வி கேட்கும் பாட்டி தம் மனத்தில் இருக்கும் வரைபடத்தில் உங்களை எங்கே பொருத்துவது என்று பார்க்கிறார். அந்த வரைபடம் நில அளவை அலுவலகத்தில் இருப்பதைவிட விரிவானது. வில்லியம் கேமரன் 1885-இல் இந்த மலையைக் குறித்து வைத்தார், அதனால் மலைக்கு அவர் பெயர். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை நின்றார். இவையெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. அந்தச் சரிவில் கன்று நட்டது எந்தக் குடும்பம், பெரட்டுக்குப் பிந்தி வந்து வசவு வாங்கியது யாருடைய தாத்தா, அந்தத் தாத்தாவின் பேத்தியை யார் கட்டிக்கொண்டார் என்பதெல்லாம் பாட்டியிடம் மட்டுமே இருக்கின்றன.

ஆகவே உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் பாதியைச் சொல்லுங்கள். மீதியை ஊர் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். அந்த மகிழ்ச்சியை அவர்களிடமிருந்து பறிப்பது நல்ல அயலாருக்கு அழகல்ல.

விதி 3: கிண்ணம் காலியாகத் திரும்பக்கூடாது

பலகாரம் வந்த பாத்திரத்தைக் கழுவித் துடைத்து அப்படியே திருப்பிக் கொடுப்பவர் ஊருக்குப் புதியவர் மட்டுமல்லர், வளர்ப்பும் சரியில்லாதவர். கொஞ்சம் சீனி, நாலு தக்காளி, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு முட்டைக்கோசு வைத்துத்தான் கொடுக்க வேண்டும். கோலா தெர்லாவில் முட்டைக்கோசு கிடைப்பது அரிதல்ல என்பதால், நீங்கள் கொடுக்கும் முட்டைக்கோசும் அவர் போன வாரம் வேறொருவருக்குக் கொடுத்த முட்டைக்கோசும் ஒன்றாகவே இருக்க வாய்ப்புண்டு. கேட்க வேண்டாம்.

வாசலுக்கு வாசல் நுணுக்கம் மாறும். மலாய்க்காரர் வீட்டுக்குக் கொடுக்கும்போது பண்டம் ஹலாலாக இருந்தால் போதாது, பாத்திரத்தின் பூர்வீகமும் சுத்தமாக இருக்க வேண்டும். கடையில் வாங்கிய புது டின்னில் முறுக்கைப் போட்டுக் கொடுப்பது இரு தரப்புக்கும் நிம்மதி. சீனர்களில் குவான் யின் தெய்வத்தை வணங்கும் பலர் மாட்டிறைச்சி தொடுவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் பெரியம்மாவும் காய்கறித் தோட்டத்துத் தௌக்கேயின் அம்மாவும், ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமலே, ஒரே கட்சி.

அடுத்தது, தமிழர் யாரும் தேர்ச்சி பெறாத மேல்நிலைப் பாடம். இந்த மலையில் நமக்கு முன்பும், சீனருக்கு முன்பும், வில்லியம் கேமரனுக்கு வெகுகாலம் முன்பும் வாழ்ந்துவருபவர்கள் செமாய் பூர்வக்குடி மக்கள். 1960-களின் தொடக்கத்தில் அவர்களோடு வாழ்ந்த மானிடவியலாளர் ராபர்ட் டென்டன் 1968-இல் வெளியிட்ட நூலில் அவர்களுடைய அயல்முறையைப் பதிவு செய்திருக்கிறார். ஒருவர் கண்ணில் உணவு பட்டு, அவர் ஆசைப்பட்டு, அது கிடைக்காமல் போனால் கெடுதல் வரும். நம் ஊர்க் கண்ணேற்றில் கெடுதல் சாப்பிடுபவருக்கு. அவர்கள் முறையில் ஆபத்து ஏமாந்து போனவருக்கு. பாம்பு கடிக்கலாம், மரம் விழலாம், பழி கொடுக்காதவர்மேல். ஆகவே பார்த்தவருக்கெல்லாம் பங்கு உண்டு. நாம் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டுத் தப்பிக்கிறோம். அவர்கள் கதவைத் திறந்து வைத்துத் தப்பிக்கிறார்கள்.

அவர்களிடம் நன்றி சொல்வதும் மரியாதைக் குறைவாம். நன்றி சொன்னால், கொடுத்ததை மனத்தில் எடைபோட்டுப் பார்த்தோம், இவ்வளவு கொடுப்பார் என்று எதிர்பார்க்கவில்லை என்று அர்த்தமாகிவிடும். நம் பாட்டிகளும் பலகாரம் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னதில்லை. “எதுக்கு இதெல்லாம்?” என்றுதான் கேட்டார்கள், கேட்டுக்கொண்டே வாங்கி உள்ளே வைத்தார்கள். கொடுத்ததைக் கணக்கில் எழுதக்கூடாது என்பதில் இரு சாராரும் ஒன்றே. ஒரு சிறு வித்தியாசம்: நம் பாட்டிகள் எழுதிக்கொள்வதில்லை, மறப்பதும் இல்லை.

விதி 4: பெயரைக் கேளுங்கள்

அயலார் யார் யார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலோர் தாளில் முதல் நான்கு பெயர்கள் தமிழாக இருக்கும். ஐந்தாவது வரியில் “காய்கறித் தௌக்கே”, ஆறாவதில் “கடைக்கார அங்கிள்”, ஏழாவதில் “அந்த மலாய்க்கார அபாங்”, அதற்குக் கீழே “பங்களாதேஷ் பையன்கள், நாலஞ்சு பேர்” என்று இருக்கும். பூர்வக்குடி வீடுகள் தாளிலேயே வராது. சாலையோரத்தில் அவர்களிடம் பெத்தாயும் தேனும் பேரம் பேசி வாங்கியிருப்பீர்கள். விலை நினைவிருக்கும், பெயர் இருக்காது.

லயங்களில் ஒரு காலத்தில் கேட்டதெல்லாம் தமிழ். பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். தேயிலையிலும் காய்கறியிலும் இன்று வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியைத் தோளில் சாய்த்தபடி ஊருக்குப் பேசிக்கொண்டிருக்கும் அந்த இளைஞனைப் பாருங்கள். கடன் வாங்கி வந்தவன், சம்பளத்தில் பாதியை அனுப்புபவன், இரண்டு வருஷத்தில் திரும்பிவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பவன். உங்கள் குடும்பத்தில் கங்காணியோடு கப்பலேறியவரும் இதையேதான் சொல்லிவிட்டு வந்தார். அவர் சொன்ன இரண்டு வருஷம் இன்னும் முடியவில்லை, நீங்கள்தான் அதற்குச் சாட்சி.

பெயர் கேட்பதில் நாடே தாமதித்தது. கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் 2004 முதல் தேவமணி, பழனிவேல், சிவராஜ் என்று ம.இ.கா. வேட்பாளர்களே வென்று வந்தார்கள். 2018-இன் வெற்றி செல்லாதென்று தேர்தல் நீதிமன்றம் சொன்னது. 2019 ஜனவரி 26 இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் வென்றார். மலேசிய மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வக்குடியாளர் அவர். மலைக்கு முதலில் வந்தவர்கள் மக்களவைக்குக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

விதி 5: சண்டையை ஒழுங்காகப் போடுங்கள்

சண்டையில்லாத அக்கம்பக்கம் என்பது ஆளில்லாத அக்கம்பக்கம். காரணங்கள் எளிதில் கிடைக்கும்: கோழி, தண்ணீர்க் குழாய், துணிக்கொடி, வாசலை மறித்து நிறுத்திய லோரி. கோலா தெர்லாவுக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. பதப்படுத்தாத கோழி எருவை ஒருவர் தம் பாத்தியில் கொட்டினால், கீரை அவருக்கு, ஈ ஊருக்கு.

தொடக்கநிலையாளர்களுக்கு முதல் எச்சரிக்கை: நாளை உங்களோடு சேர்ந்து வேலை செய்யப்போகிறவரிடம் இன்று சண்டை வேண்டாம். தேயிலையை இப்போது விரலால் கிள்ளுவது குறைவு. வெட்டும் இயந்திரத்தின் இரு முனைகளை இருவர் பிடித்துக்கொண்டு, நடுவே செடி வரிசை ஓட, பின்னால் கொழுந்துப் பை உப்பிவர, சரிவில் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் இயந்திரமும் திரும்பும்.

சண்டை வந்தேவிட்டால் செமாய் மக்களின் ‘பிச்சாரா’ முறையைப் பரிந்துரைக்கிறோம். இரு தரப்பும் உறவினர்களோடு தலைவர் வீட்டில் கூடுவார்கள். ஒவ்வொருவரும் தம் மனத்தில் உள்ளதைச் சொல்வார்கள், சொன்னதையே திரும்பச் சொல்வார்கள். சில வேளை பகலும் இரவுமாக நாள்கணக்கில் நடக்கும். யாருக்கும் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, கோபமும் களைத்துவிட்டது என்ற நிலை வந்ததும் தலைவர் புத்தி சொல்வார், தேவையானால் சிறு அபராதம் போடுவார். கடைசியாக ஒரு கட்டளை: இந்த விஷயத்தை இனி யாரும் கிளப்பக்கூடாது.

நம்மவர்கள் இந்த முறையின் முதல் பகுதியில் உலகத் தரம் வாய்ந்தவர்கள். சொன்னதையே திரும்பச் சொல்வதில் நமக்குப் பயிற்சி தேவையில்லை. கடைசிக் கட்டளையில்தான் சிக்கல். 1987-இல் கொடுக்காத கல்யாணப் பத்திரிகை இன்றும் விவாதத்தில் இருக்கிறது.

விதி 6: ரோந்துக்குப் பெயர் கொடுங்கள்

யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பது இந்த நாட்டு அரசாங்கங்களின் நெடுநாள் கவலை. அவசரகாலத்தில், 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி, மலாயா முழுக்கச் சுமார் 5 லட்சம் பேரைப் பெயர்த்துக்கொண்டுபோய் முள்கம்பிக்குள் புதுக்கிராமங்களில் வைத்தார்கள். பெரும்பாலோர் சீனர். பக்கத்து வீட்டுக்காரரை இராணுவம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த காலம் அது. வாசலில் காவல், இரவில் ஊரடங்கு. கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக்கூடாது என்பதுதான் நோக்கம்.

1975-இல் வந்த ருக்குன் தெத்தாங்கா அதைவிட மென்மையானது. குடியிருப்பு ஆண்கள் முறைவைத்து இரவு ரோந்து போக வேண்டும், ஆரம்பத்தில் அது கட்டாயம். இன்று 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தன்னார்வமாக நடக்கிறது. பழையவர்களைக் கேட்டால் திருடன் கிடைத்த கதையைவிட, தேத்தண்ணி குடித்த கதைதான் அதிகம் வரும். பகலில் முகம் பார்த்துப் பேசாத மூன்று இனத்து ஆட்கள் நள்ளிரவில் ஒரே டார்ச் லைட்டின் பின்னால் நடந்தால், குளிருக்குப் பயந்தாவது பேசியாக வேண்டும். கேமரன் மலைக் குளிர் இந்த வகையில் எந்த ஒற்றுமைப் பிரசாரத்தையும்விட மலிவு.

ஆகவே பெயர் கொடுங்கள். திருடன் வராத இரவுகளில் யார் வீட்டில் விளக்கு எரிகிறது, எந்தக் கிழவருக்கு இருமல் கூடியிருக்கிறது என்று தெரிந்துகொள்வீர்கள். பகலில் இதைக் கேட்டால் வம்பு. இரவில் சீருடை போட்டுக் கேட்டால் சமூகசேவை.

விதி 7: உங்களுக்குக் கீழே இருப்பவரைக் கண்டுபிடியுங்கள்

மேற்கண்ட ஆறு விதிகளும் சமதரையிலும் செல்லும். இது மட்டும் மலைக்கே உரியது, கடைப்பிடிப்போரும் குறைவு.

சரிவில் இருப்பவருக்குப் பக்கத்து வீட்டைவிட முக்கியம் கீழ் வீடு. நீங்கள் வாசலில் கொட்டும் வாளித் தண்ணீர் எங்கோ போய்விடுகிறது என்று நினைக்கிறீர்கள். அந்த ‘எங்கோ’வில் ஒரு குடும்பம் இருக்கிறது. பாத்தியில் அடித்த மருந்து, கழுவிக் கவிழ்த்த டப்பா, புதுத் தட்டுக்காக மலையைச் சீவிய செம்மண், பிளாஸ்டிக் கூரையில் விழுந்து மண்ணில் ஊறாமல் பாயும் மழை எல்லாமே இறங்குகின்றன. தெர்லா ஆற்று நீரைச் சுத்திகரித்துக் குழாயில் விடும் நிலையம் இதே கோலா தெர்லாவில் இருக்கிறது. தண்ணீர் மேலிருந்து வரும்போது நீங்களும் யாருக்கோ கீழ் வீட்டுக்காரர்தான்.

இன்னும் கீழே போவோம். தெர்லா தெலோமில் சேர்கிறது. இயல்பாக விட்டால் தெலோம் ஜெலாய் வழியாகப் பகாங் ஆற்றில் கலந்து தென்சீனக் கடலுக்குப் போகும். 1960-களில் வந்த கேமரன் மலை நீர்மின் திட்டம் அந்த நீரைச் சுரங்கம் வழியே பெர்த்தாம் பக்கம் திருப்பியது. ரிங்லெட்டில் 1963-இல் எழுந்த சுல்தான் அபு பக்கர் அணையில் தேங்கி, மறுபடி மலைக்குள் புகுந்து, பேரா மாநிலத்தில் ஜோர் மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு, மலாக்கா நீரிணை போய்ச் சேர்கிறது. உங்கள் பாத்தி மண் மாநில எல்லையையும் நீர்ப்பிரிமேட்டையும் கடக்கிறது, அடையாள அட்டை காட்டாமலே.

எல்லா மண்ணும் கடந்துவிடுவதில்லை. அணையில் படிகிறது. தூர்வாரத் தூர்வார மேலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. 2013 அக்டோபர் 23 பின்னிரவில், கனமழையில் நிரம்பிய அந்த அணையின் கதவுகளைத் திறந்தார்கள். வீடுகளும் தோட்டங்களும் நெருக்கிக் குறுக்கிய ஆற்றில் வெள்ளம் பெர்த்தாம் பள்ளத்தாக்குக்குள் பாய்ந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்களின் உயிர்கள் போயின. அணையைத் திறந்தவர்களைத் திட்டினார்கள், ஆற்றோரத்தில் கட்டியவர்களைத் திட்டினார்கள். மேலே மலையைச் சீவியவர்களும் கூட நின்று திட்டினார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் உங்களைப் பார்க்கிறார், அதனால் அவரிடம் நல்லவராக இருப்பது எளிது. ஒரு முறுக்கு டின் போதும். உங்கள் முகமே தெரியாமல் உங்கள் கழிவை மட்டும் பெற்றுக்கொள்பவரிடம் நல்லவராக இருப்பதற்குத்தான் கையேடு வேண்டியிருக்கிறது.

தேர்வு

நேரம்: குடியிருக்கும் காலம் முழுதும். பார்த்து எழுதலாம், விசாரித்தும் எழுதலாம், விசாரிப்பதே விரும்பத்தக்கது.

1. வலப்பக்க வீட்டில் இருப்பவரின் பெயர் என்ன? (அங்கிள், தௌக்கே, அபாங், பங்களாதேஷ் பையன் ஆகிய விடைகளுக்கு மதிப்பெண் இல்லை.)

2. உங்கள் சமையலறையில் இருக்கும் கிண்ணங்களில் எத்தனை உங்களுடையவை? மற்றவை யாருடையவை, எவ்வளவு நாளாக?

3. இன்று மாலை நீங்கள் வீடு திரும்பாவிட்டால் முதலில் கவனிப்பவர் யார்? எத்தனை மணிக்கு?

4. பக்கத்துப் பூர்வக்குடிக் கிராமத்தின் தலைவர், அதாவது தோக் பாத்தின், யார்? அவரிடம் பேரம் தவிர வேறு என்ன பேசியிருக்கிறீர்கள்?

5. உங்கள் வாசலில் கொட்டிய தண்ணீர் முதலில் போய்ச் சேரும் வீடு எது? அவர்கள் வீட்டில் குழந்தைகள் எத்தனை?

ஐந்துக்கும் விடை சொன்னவர்கள் ஊர்க்காரர் ஆகிறார்கள். அடுத்துக் குடிவருபவரிடம் வாடகையும் கல்யாணமும் விசாரிக்கும் முழு உரிமை அவர்களுக்கு உண்டு. மூன்று, நான்கு சரியாகச் சொன்னவர்களை ரோந்தில் சேர்த்துக்கொள்வோம். அதற்கும் கீழே என்றால் இந்தக் கையேட்டை மறுபடி படித்துப் பயனில்லை. டின்னில் முறுக்கை நிரப்பிக்கொண்டு இறங்குங்கள். வழி தெரியாவிட்டால் யாரையும் கேட்க வேண்டாம், உங்கள் சாக்கடை போகும் பக்கமே போங்கள்.